ராமில் 3600 என்று எழுதியிருந்தால் 3600-ல் ஓடுமா?

அடிக்கடி நின்றுபோகும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, ராம் போச்சு போல" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அண்மையில ராம் கூட்டினீங்களா?" என்பதைத்தான். ஆமாம் என்று பதில் வந்தால், பெரும்பாலும் ராம் (வேலை நடக்கும்போது தரவைத் தாங்கி நிற்கும் தற்காலிக நினைவகம்) போயிருக்காது. ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாகப் போட்டு ஓட்டினால் நன்றாகவே ஓடும். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடி, வன்பொருளின் அமைப்புகளை வைக்கிற மென்பொருளில்) ஏதோ ஒரு வேகத்தை வைத்து ஓட்டும்போதுதான் கோளாறு வருகிறது. இது தெரியாமல் நல்ல ராமைக் குப்பையில் போடுகிறார்கள். நல்ல பவர் சப்ளையை மாற்றுகிறார்கள். விண்டோஸை அழித்து அழித்து ஏற்றுகிறார்கள். கையிலிருக்கும் காசு கரைகிறது, கம்ப்யூட்டரும் சரியாவதில்லை. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெமரி சோதிக்கும் லைனில் பல வருடம் வேலை பார்த்தவள். எதிர்க்கரையிலுள்ள பிறையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பாலம் ஏறிப் போய், மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஷிப்ட் முடியும்வரை கண்ணில் படுவதெல்லாம் பச்சைப் பலகையும் கறுப்புச் சிப்பும்தான். இன்டெல் 1972-ல் இங்கே ஆலை போட்ட காலத்திலிருந்து எங்கள் ஊரில் இந்த மாதிரி லைன்களில் நின்ற தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். அங்கே கற்றுக்கொண்டது ஒன்று இன்னும் கூடவே வருகிறது. ஒரு சிப் நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த வேகத்தில், எத்தனை வோல்ட்டில், எவ்வளவு சூட்டில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். சூடாக்கி ஓட்டுவோம், வேகவாரியாகப் பிரிப்போம். ஒரு வேகத்தில் தேறாத சிப், அதற்கு ஒரு படி கீழே வருடக்கணக்கில் பிசகில்லாமல் உழைக்கும். அந்த வேலையை விட்டபின் வீட்டிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன்.

பட்டர்வொர்த்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் தைப்பூசம் முடிந்த கையோடு தன் பெட்டியைக் கொண்டுவந்தார். தண்ணீர்மலையில் எடுத்த காவடிக் காட்சிகளும் தை மாதத்துக் கல்யாணங்களும் உள்ளே குவிந்து கிடந்தன. எடிட் செய்துகொண்டிருக்கும்போது நீலத்திரை வருகிறது. சில சமயம் நீலத்திரைகூட வராமல் சட்டென்று அணைந்து மறுபடி ஏறுகிறது. காலையில் ஒழுங்காக ஓடும், மதியத்துக்கு மேல் படுத்தும். பிள்ளையின் முகத்தில் தூக்கமே இல்லை. இரண்டு குடும்பங்கள் வீடியோ எங்கே என்று கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னிடம் வருவதற்கு முன்னாலேயே அவர் ஒரு கடைக்குப் போயிருந்தார். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. அங்கே விண்டோஸை அழித்து ஏற்றினார்கள். பிறகு பவர் சப்ளையை மாற்றினார்கள். அதற்கே இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் ஆகிவிட்டது. தம்பியோ மின்னலைச் சந்தேகப்பட்டார். சாயங்காலம் இடி மழை அடிக்கிற ஊர் இது, அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஆனால் வீட்டு ஃபேனும் டிவியும் அணையாமல் கம்ப்யூட்டர் மட்டும் அணைந்தால் மின்னலை விட்டுவிடலாம்.

பவர் சப்ளை மேல் ஏன் பழி விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எல்லா இடத்திலும் நடக்கிறது. கம்ப்யூட்டரில் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் 'கெர்னல்-பவர் 41' என்று நிற்கும். பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் பவர் சப்ளை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் குறிப்புக்கு அர்த்தம், கம்ப்யூட்டர் முறைப்படி அணைக்கப்படாமலே மறுபடி ஏறியிருக்கிறது என்பது மட்டும்தான். காரணம் என்ன என்று அது சொல்வதே இல்லை. பவர் சப்ளை கெட்டாலும் 41 வரும், ராம் குழறினாலும் 41 வரும், கோபத்தில் பிளக்கைப் பிடுங்கினாலும் 41 வரும்.

நீலத்திரையின் அடியில் வருகிற பெயர்தான் கொஞ்சம் உதவும். தம்பி அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். ஒரு தடவை 'மெமரி மேனேஜ்மென்ட்', இன்னொரு தடவை 'ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்', அப்புறம் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா'. ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் நான் ஏதாவது ஒரு டிரைவரை (ஒரு கருவியை இயக்கும் மென்பொருளை) தேடுவேன். தடவைக்கு ஒரு பெயராக மாறி மாறி வந்தால் ராம் பக்கம்தான் திரும்புவேன். ராமில் எந்த இடத்தில் ஒரு பிட் (ஒன்று அல்லது பூஜ்யம்) புரள்கிறதோ, அந்த நேரத்தில் அங்கே குடியிருந்த புரோகிராமின் பெயரில் பிழை வருகிறது. அதனால்தான் அது ஊர் ஊராய்ச் சுற்றுகிறது.

பெட்டியைத் திறந்தேன். ரைசன் 5 3600 பிராசசர் (இந்த 3600 மாடல் எண், ராம் வேகம் அல்ல), பி450 மதர்போர்டு. ராம் நாலு ஸ்டிக், ஒவ்வொன்றும் 8 ஜிபி. இரண்டு பழையவை, 3200 வேகம் (வினாடிக்கு இத்தனை மில்லியன் தடவை தரவு அனுப்பும்), சிஎல்16 (சிஎல் என்பது தாமத எண்). இரண்டு தீபாவளி மலிவு விற்பனையில் வாங்கியவை, 3600 வேகம், சிஎல்18. "3600 உசத்திதானேக்கா, அதான் நல்ல ஸ்லாட்டுல போட்டேன்" என்றார். போட்டுவிட்டுப் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேகம் கூட்டும் வசதியை ஆன் செய்திருக்கிறார். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதாம்.

சிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளை ஓட்டினேன். மெமரி பக்கத்தில் 1800 என்று காட்டியது. இதைப் பார்த்து, பாதி வேகம்தான் கிடைக்கிறது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். டிடிஆர் வகை ராம் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவை அனுப்பும், ஆகவே 1800 என்றால் 3600. அதாவது நாலு ஸ்டிக்கும் 3600-ல் ஓடிக்கொண்டிருந்தன. பழைய இரண்டும் 3200-க்குத்தான் உத்தரவாதம் பெற்றவை. அவற்றையும் சேர்த்தே 3600-க்கு விரட்டியிருக்கிறது போர்டு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது, நிதானமாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு ராம் ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்று ஒரு குட்டிச் சிப் உண்டு. கம்ப்யூட்டர் ஏறும்போது பயாஸ் முதலில் அதைத்தான் படிக்கும். "நான் இன்ன வேகம், எனக்கு இத்தனை தாமதம் வேண்டும்" என்று அதில் பதிந்திருக்கும். டிடிஆர்4-க்கு ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த வேகங்கள் 2133, 2400, 2666, 2933, 3200. இவையெல்லாம் 1.2 வோல்ட்டில். நீங்கள் எதையும் தொடாமல் விட்டால், கலப்படமாக ராம் போட்டாலும் பயாஸ் எல்லா எஸ்பிடியையும் படித்து, எல்லாருக்கும் ஒத்துவருகிற குறைந்த வேகத்தை எடுத்துக்கொள்ளும். தம்பியின் நாலு ஸ்டிக்குக்கும் அது 2133. மெதுவாக ஓடும், ஆனால் விழாது. மடிக்கணினியில் 2666 ஒன்றும் 3200 ஒன்றும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் பலர். காரணம் இதுதான், பெரும்பாலான மடிக்கணினிகளில் வேகத்தைக் கூட்ட வழியே வைக்கவில்லை.

எக்ஸ்எம்பி வேறு சங்கதி. 2007-ல் டிடிஆர்3 காலத்தில் இன்டெல் கொண்டுவந்தது. அதே எஸ்பிடியில், "என்னை இன்னும் வேகமாக ஓட்டலாம், 1.35 வோல்ட் கொடுங்கள்" என்று ராம் தயாரிப்பாளர் கூடுதலாக ஒரு பக்கம் எழுதி வைப்பது. ஆசுஸின் ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி என்றும் எம்எஸ்ஐயில் ஏ-எக்ஸ்எம்பி என்றும் போட்டிருப்பார்கள். டப்பாவில் பெரிய எழுத்தில் அச்சடித்த 3600 இந்தப் பக்கத்திலிருந்து வருவதுதான். அந்த இரண்டு ஸ்டிக்கை மட்டும் போட்டு ஓட்டும்போது கிடைக்கும் என்று சோதித்துச் சொன்ன வேகம் அது. வேறு இரண்டு ஸ்டிக்கை அதன் பக்கத்தில் குத்தினால் என்ன ஆகும் என்று டப்பா சொல்லவே இல்லை. எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் பல போர்டுகள் ஏதாவது ஒரு ஸ்டிக்கின் பக்கத்தைப் படித்து அதை எல்லார் தலையிலும் கட்டிவிடுகின்றன.

தைப்பூசத்தில் உறுமி அடிக்கிற நாலு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் தாளத்தை ஒரே ஒருவரின் கைவேகத்துக்கு ஏற்றிவிட்டால், கொஞ்ச நேரம் எல்லாரும் கூடவே வருவார்கள். அப்புறம் ஒருவர் ஒரு அடியைத் தவறவிடுவார். கேட்கிறவர்களுக்கு யார் தவறவிட்டது என்றே தெரியாது.

ஒரு அடி என்பது இங்கே எவ்வளவு சின்னது என்று பார்த்தால்தான் பிரச்சினையின் ஆழம் புரியும். 3200 வேகத்தில் ஒரு கம்பியில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.3125 நானோ வினாடி. அந்த நேரத்தில் போர்டின் செப்புத் தடத்தில் மின் சிக்னல் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர்தான் போயிருக்கும். 3600 என்றால் அந்த அவகாசம் 0.28-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஸ்லாட் நாலும் நிறைந்தால் ஒவ்வொரு ஸ்டிக்கிலும் பட்டுச் சிக்னலின் ஒரு பங்கு திரும்பி வரும். உண்மையான பிட்டின் மேல் பழைய பிட்டின் நிழல் விழுகிறது. அவகாசம் சுருங்கச் சுருங்க எது ஒன்று, எது பூஜ்யம் என்று பிரித்தறிவது கடினமாகிறது. மதிய வெயிலில் பெட்டிக்குள் சூடும் ஏறினால், காலையில் நூலிழையில் தேறியது மதியம் தேறாது. தம்பியின் கம்ப்யூட்டர் காலையில் நல்ல பிள்ளையாக இருந்தது இதனால்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ராமைக் கட்டுப்படுத்துகிற பகுதி இப்போது பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, அதற்கும் ஒரு எல்லை உண்டு. ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி சொன்னது இரண்டு ஸ்டிக் என்றால் 3200 வரை. நாலு ஸ்டிக்கும் ஒற்றை ரேங்க் (ஸ்டிக்கில் ஒரே ஒரு சிப் தொகுதி) என்றால் 2933 வரை, இரட்டை ரேங்க் என்றால் 2666 வரை. அதற்கு மேலே ஓடினால் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் யாரையும் கேட்க முடியாது. ஆகவே தம்பி நாலு ஸ்டிக்கையும் புது 3600-ஆகவே வாங்கியிருந்தாலும் இந்தத் தலைவலி வந்திருக்க வாய்ப்பு உண்டு. கடைகளில் இதை யாருமே சொல்லி விற்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சோதனைக்கு வருகிறேன். முதலில் பயாஸில் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தேன். எக்ஸ்எம்பி தானாகவே போய்விடும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் போகாமல் நேரே அதிலிருந்து ஏற்றி இரவு முழுக்க விட்டேன். 2133-ல் ஒரு பிழைகூட இல்லை. இந்த ஒரு முடிவுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆரம்ப நிலையில் பிழை வந்தால் ஏதோ ஒரு ஸ்டிக் அல்லது ஸ்லாட் உண்மையிலேயே கெட்டிருக்கிறது, ஒவ்வொன்றாகப் போட்டுத் தேட வேண்டும். ஆரம்ப நிலையில் சுத்தமாக இருந்து, வேகத்தைக் கூட்டியதும் பிழை வந்தால், ராம் நல்ல ராம். அமைப்புதான் தப்பு.

திரும்ப 3600-ஐ வைத்து ஓட்டினேன். உட்கார்ந்து பசியாறி முடிப்பதற்குள் திரை சிவப்பாகிவிட்டது. மெம்டெஸ்ட் பிழையைச் சிவப்பு வரியாகக் காட்டும், எந்த முகவரியில் என்ன எழுதினோம், என்ன திரும்பி வந்தது என்று. நீளமான எண்ணில் ஒரே ஒரு இலக்கம் மட்டும் மாறியிருக்கும். விண்டோஸிலேயே ஒரு மெமரி டயக்னாஸ்டிக் உண்டு, கடையில் அதைத்தான் ஓட்டிப் பார்த்து 'ராம் ஓகே' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது மேலோட்டமான சோதனை. அதில் பிழை வந்தால் நம்பலாம், வராவிட்டால் நம்பக் கூடாது.

சிவப்பு வரியைவிட என்னை அதிகம் கலங்கவைத்தது வேறொன்று. தம்பியின் வீடியோக்களில் அங்கங்கே பச்சைக் கட்டங்கள் தெரிந்தன, சத்தத்தில் 'டக்' என்று ஒரு வெட்டு. கேமரா பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தார். பழைய 3600 அமைப்பிலேயே கேமரா கார்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை இரண்டு முறை நகல் எடுத்து, இரண்டுக்கும் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் கைரேகை போன்ற எண்) கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே கோப்பின் இரண்டு நகல்கள், இரண்டு வேறு எண்கள். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகிற எந்தத் தரவும் ராம் வழியாகத்தான் போகிறது. வழியில் ஒரு பிட் புரண்டால் புரண்டதே டிஸ்க்கில் பதிந்துவிடும், விண்டோஸ் ஒரு வார்த்தை சொல்லாது.

நீலத்திரை வந்தால் குறைந்தது ஏதோ கோளாறு என்று தெரிகிறது. நீலத்திரை வராத நேரங்களில் இந்தக் கம்ப்யூட்டர் என்னவெல்லாம் தப்பாக எழுதி வைத்திருக்கிறதோ! அதனால்தான், எப்போதாவது ஒரு தடவை நின்றுபோகிறது, பரவாயில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன், பரவாயில்லை என்று விடாதீர்கள். கணக்கு வழக்கு, பிள்ளைகளின் படங்கள், எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன. தம்பியிடம் பெரும்பாலான கார்டுகள் அழிக்காமல் இருந்தன. அவற்றை மறுபடி நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு கல்யாணத்தின் கார்டை மட்டும் அழித்துவிட்டிருந்தார். அதில் நலங்கு வைக்கும் காட்சியில் சில துண்டுகள் இனிமேல் அப்படியேதான்.

சரி, தீர்வு. முதலில் 3200-ஐயும் பழைய ஸ்டிக்கின் தாமத எண்களையும் வைத்துப் பார்த்தேன், 16-18-18-38, 1.35 வோல்ட். முதல் சுற்றில் சுத்தம், விடியற்காலையில் ஒரு பிழை. ஒரே ஒரு பிழைதானே என்று விடுவதற்கில்லை, மெம்டெஸ்ட்டில் ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம் மட்டும்தான். அங்கேயே வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி, பிராசசர் பக்கமும் ஏற்றி 3200-ஐப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். விளையாட்டுக்கு வைத்திருக்கும் பெட்டியாக இருந்தால் செய்திருப்பேன். சோறு போடுகிற பெட்டியில் அந்த வேலை வேண்டாம் என்பது என் கட்சி. 2933-க்கு இறக்கினேன், தாமத எண்களை அப்படியே விட்டேன். இரவு முழுக்க மெம்டெஸ்ட், பகலில் ஏர்கான் போடாத என் முன்னறையில் பிராசசரையும் ராமையும் கடுமையாக வேலை வாங்கும் பிரைம்95 மென்பொருளை 'பிளெண்ட்' நிலையில் ஓட்டினேன். எங்கும் பிழையில்லை. எடிட் செய்த வீடியோ வெளிவர எடுக்கும் நேரத்தில் தம்பியால் எந்த வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதையே நீங்கள் வீட்டில் செய்வதானால், பயாஸுக்குள் போவதற்கு முன் இப்போதிருக்கும் அமைப்பைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஒரு வாரம் வழக்கம்போல் வேலை பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வேகத்தை வைத்ததும் திரை ஏறாமல் கறுப்பாகவே நின்றால் பதற வேண்டாம், பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டு ஸ்டிக் மட்டும் போடுவதானால் பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். போர்டின் கையேட்டில் படம் இருக்கும். பயாஸ் அப்டேட் செய்த பிறகு நீங்கள் வைத்த எண்கள் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போய்விடும், மறுபடி பார்த்து வைக்க வேண்டும்.

ராம் கூட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, முடிந்தால் பழைய இரண்டை விற்றுவிட்டு ஒரே டப்பாவில் வரும் பெரிய இரண்டை வாங்குங்கள். 8 நாலைவிட 16 இரண்டு மேல். ஒரே பெயர், ஒரே எண் போட்ட இரண்டு டப்பாக்கள்கூட ஒன்றாக நடக்கும் என்று சொல்ல முடியாது. அதே பெயரில் இந்த மாதம் ஒரு நிறுவனத்தின் சிப் வரும், அடுத்த மாதம் இன்னொன்றின் சிப் வரும். மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத் தகடு எல்லாவற்றையும் ஒரே மாதிரி காட்டிவிடும்.

டிடிஆர்5-க்கு மாறியவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ரைசன் 7000 வரிசையில் இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு போட்டால் 3600 என்றுதான் ஏஎம்டியே சொல்கிறது. நாலு ஸ்டிக் போட்டு 6000-ல் ஓட்டப் பார்க்கும் பிள்ளைகள் தயவுசெய்து இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டிடிஆர்5-ல் ராம் மாற்றியபின் முதல் தடவை ஏறும்போது, போர்டு ஒவ்வொரு ஸ்டிக்குடனும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் ஆகலாம், அதுவரை திரையில் ஒன்றுமே வராது. அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடாமல் அப்படியே விட்டு வையுங்கள்.